கைலை செல்லும் வழி: சைவரின் மலையும் பௌத்தரின் நாடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. சுண்ணாம்புக்கல் அடித்தளத்தின்மீது பரந்த இச்சமநிலத்தில் கீரிமலை ஒன்றே பெயரளவில் மலையாக நிற்கிறது. அதுவும் கடலோரத்து நன்னீர் ஊற்றொன்றினாலேயே புகழ்பெற்றது. ஆயினும் இக்குடாநாட்டு மக்களின் சமய வாழ்வில் மலையொன்று இடையறாது இடம்பெற்று வந்துள்ளது. அம்மலை திருக்கைலாயம் ஆகும். நல்லூரிற் கைலாசநாதருக்குக் கோயில் எடுக்கப்பட்ட வரலாற்றைப் பாடும் நூல் ‘கைலாயமாலை’ எனப் பெயர் பெற்றது. திருகோணமலை தட்சிண கைலாயம் எனப் போற்றப்படுகிறது. சிவபதம் எய்தியவரைக் கைலை சேர்ந்தார் என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு.

இவ்வளவு நெருக்கமாகப் பேசப்படும் அம்மலை எந்நாட்டில் உள்ளது, அங்கு வாழ்வோர் யாவர், அவர்களுக்கு அம்மலை யாது என்னும் வினாக்கள் எம்மிடையே அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. கைலை திபெத்திலே, பௌத்தரின் நாட்டிலே உள்ளது. அதனை ஆண்டுமுழுதும் வலம்வருவோரிற் பெரும்பாலார் திபெத்தியப் பௌத்தர். சைவர் ஒருவர் கைலைக்குச் செல்வதென்பது பௌத்த உலகொன்றினுள் விருந்தினராகப் புகுவதேயாகும். அப்பயணத்தின் இயல்பை விளக்குவதும், அது குடாநாட்டின் சொந்தப் புனிதத்தலங்கள் பற்றி எமக்கு எதனை உணர்த்துகின்றது என நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

இலக்கியத்திற் கைலைப் பயணம்

தமிழிலக்கியம் கூறும் கைலைப் பயணங்களுள் எதுவும் இயல்பான நடைப்பயணமாக நிறைவுறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, காரைக்காலம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து அம்மலையை அடைந்தார். சுந்தரர் வெள்ளை யானையின்மீதும், சேரமான் பெருமாள் குதிரையின்மீதும் சென்றனர். திருநாவுக்கரசர் மட்டுமே வட திசை நோக்கி நடந்தவர். கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், பின்னர் உருண்டும் முன்னேற முயன்ற அவர் இடைவழியிலேயே தடுக்கப்பட்டார். பொய்கையொன்றில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, கைலைக் காட்சியை அங்கேயே பெற்றார் என்பது புராணம்.

இக்கதையிற் புவியியல் உண்மையொன்றும் பொதிந்துள்ளது. தமிழகத்திலிருந்து அம்மலைக்குள்ள தூரமும் உயரமும் மனித உடலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் எனலாம். அவ்வெல்லையைப் பாட்டு கடந்தது. ஞானசம்பந்தர் காளத்தியிலிருந்து கைலையையும், இராமேசுவரத்திலிருந்து திருகோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. காணாத தலத்தைக் காதலால் உரிமையாக்கிக்கொள்ளும் மரபு இது. 1852ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனத்தில் அச்சிட்டு வெளியிட்டதன்பின் இம்மரபு யாழ்ப்பாணத்து வீடுகளிலும் பாடசாலைகளிலும் மேலும் வேரூன்றியது. ஆயின், பாட்டால் அடையப்பெற்ற கைலையில் வேற்றுச் சமயத்தார் இல்லை. யாக்குகளை மேய்ப்போர் இல்லை. உப்பு வணிகரும் இல்லை. மண்ணில் உள்ள கைலையில் இவரெல்லாம் உளர்.

மலையும் நாடும்

கைலை 6,638 மீற்றர் உயரமுடையது. இமயத்தின் மிகவுயர்ந்த சிகரங்களோடு ஒப்பிடுமிடத்து இது பெரிதன்று. ஆயினும் சூழவுள்ள மேட்டுநிலத்தில் தனித்து, நாற்புறமும் செங்குத்தான முகங்களுடன் எழுவதால் தொலைவிலிருந்தே தெரிகிறது. சிந்து, சட்லெச்சு, பிரமபுத்திரா, கங்கையின் கிளையாகிய கர்ணாலி ஆகிய நான்கு பேராறுகளும் இம்மலையைச் சூழ்ந்த நிலப்பரப்பிலேயே ஊற்றெடுக்கின்றன. ஆறே இல்லாத குடாநாட்டில், கிணற்று நீரை நம்பி வாழும் எமக்கு, ஆறுகளின் தாய்நிலம் புனிதமாகக் கருதப்பட்டமைக்கான காரணத்தை விளங்கிக்கொள்வது அரிதன்று.

மலையின் தெற்கே ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் மானசரோவர் என்னும் நன்னீர் ஏரியும், அதன் மேற்கே உவர்த்தன்மையுடைய இராட்சத ஏரியும் உள்ளன. இரண்டாவது ஏரி இராவணனின் தவத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. கைலையைப் பெயர்க்க முயன்று விரலால் அழுத்தப்பட்ட இலங்கை வேந்தனைச் சம்பந்தர் தமது பதிகங்களின் எட்டாம் பாடலிற் பெரும்பாலும் நினைவுகூர்வார். அவ்வேந்தனின் பெயரைத் திபெத்திய மேட்டுநிலத்து நீர்நிலையொன்றும் தாங்கி நிற்கின்றது.

திபெத்தியர் இம்மலையைக் ‘காங் ரின்போச்சே’, அதாவது பனியின் மாமணி என்பர். அவர்களுக்கு இது தெம்சோக் எனப்படும் சக்கரசம்வரரின் உறைவிடம். சமணர் இதனைத் தம் முதல் தீர்த்தங்கரராகிய இடபதேவர் வீடுபேறடைந்த அட்டாபதமாகக் கொள்வர். பௌத்தத்தின் பரவலுக்கு முந்தியதெனத் தன்னைக் கூறிக்கொள்ளும் பொன் சமயத்தாருக்கும் இது தலையாய மலை. நான்கு சமயத்தார் ஒரே மலையை நான்கு பொருளிற் காண்கின்றனர்.

இதனை வெறும் நல்லிணக்கமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. சக்கரசம்வரரின் படிமம் பைரவரையும் காளராத்திரியையும் காலின்கீழ் மிதிப்பதாக அமைக்கப்படுவது. சைவத் தெய்வத்தை வென்று அம்மலையைக் கொண்டதாகப் பௌத்த தந்திர மரபு உரிமை கோரியமையின் வடிவம் இது. மிலரேப்பா என்னும் பௌத்தத் துறவிக்கும் பொன் சமயத்து நாரோ பொன்சுங்குக்கும் இடையே நிகழ்ந்த போட்டியும் அத்தகையது. மலையுச்சியை முதலில் அடைபவருக்கே மலை உரியது என்பது பந்தயம். விடியலின் முதற்கதிரோடு மிலரேப்பா உச்சியை அடைந்தார் என்பது பௌத்தர் கூற்று. ஆயினும் தோற்றவர் துரத்தப்படவில்லை. அயலில் வேறொரு மலை அவருக்கு வழங்கப்பட்டது. கைலையைத் தம் முறைப்படி வலம்வரும் உரிமையும் பொன் சமயத்தாரிடம் எஞ்சியது. பிணக்குக் கதையாயிற்று, வழிபாடு தொடர்ந்தது.

வணிகம் வகுத்த வழி

யாத்திரிகரின் பக்தி மட்டும் இப்பாதைகளை உருவாக்கிவிடவில்லை. இமயத்தின் தென்சரிவில் வாழ்ந்த போட்டியா மக்கள் தானியம், துணி, வெல்லம் ஆகியவற்றைச் செம்மறிகளினதும் வெள்ளாடுகளினதும் முதுகிலேற்றிக் கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்றனர். உப்பும் கம்பளியும் வெண்காரமும் கொண்டு மீண்டனர். 5,000 மீற்றருக்கு மேற்பட்ட லிபுலேக் கணவாயைக் கடந்தால் தக்லாக்கோட் என்னும் புராங் சந்தை. யாத்திரிகர் இவ்வணிகக் கூட்டங்களோடு இணைந்தே சென்றனர். அவர்களின் கூடாரமும் சுமைவிலங்கும் வழிகாட்டியும் இன்றித் துறவியரும் அவ்வழியே சென்றிருத்தல் அரிது. பௌத்தம் கடலோரத் துறைகளில் வணிகரைத் தொடர்ந்து பரவியதைப் போன்றே மலைக் கணவாய்களிலும் சமயம் சந்தையின் வழியே நடந்தது.

மேனாட்டார் இம்மலையை அறிந்தது பிந்தியே. 1715ஆம் ஆண்டில் லடாக்கிலிருந்து லாசாவுக்குச் சென்ற இயேசு சபைத் துறவி தெசிதேரி இதனைக் கண்டு எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் ஆந்திரத்தவரான சுவாமி பிரணவானந்தர் பல்லாண்டுகள் இப்பகுதியில் அலைந்து, ஏரிகளையும் ஆற்றுமூலங்களையும் ஆய்ந்து, 1949இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய விபுலாநந்த அடிகள், பிற்காலத்தில் இமயச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் ‘பிரபுத்த பாரதம்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றியமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 29இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, இந்தியாவிலிருந்து வரும் இலாமா, இந்து, பௌத்த சமயத்தார் வழக்கப்படி கைலைக்கும் மானசரோவருக்கும் செல்லலாம் என ஏற்றுக்கொண்டது. திபெத்திய யாத்திரிகர் காசி, சாரநாத், கயை, சாஞ்சி ஆகியவற்றுக்குச் செல்லவும் அது இடமளித்தது. பல சமயத்தாரின் உரிமையை அரசுகள் எழுத்திற் பதிந்த அரிய சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. ஆனால் அவ்வுடன்படிக்கை 1962இற் காலாவதியானது. அவ்வாண்டே எல்லைப்போர் மூண்டது. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்குப் புகலிடம் தேடி வந்துவிட்டார். 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சியின்போது கைலையையும் ஏரியையும் சூழ்ந்த விகாரைகள் தகர்க்கப்பட்டன. அவை மீளக் கட்டப்பட்டது 1980களிலேயே. இந்திய யாத்திரிகருக்கு வழி 1981இல் மீளத் திறந்தது. 2015இல் நாதுலா வழியும் சேர்ந்தது. 2020இல் நின்றுபோன இந்திய அரசின் யாத்திரை 2025இலேயே மறுபடியும் தொடங்கிற்று. நான்கு சமயங்கள் திறந்து வைத்திருந்த வழியை இரு அரசுகள் மூடவும் திறக்கவும் கூடியனவாயின.

உடலும் உயரமும்

இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு மட்டுமே உரியது. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் அந்நியராகவே, நேபாளம் வழியாகவோ லாசா வழியாகவோ சீன அரசின் அனுமதியுடன் குழுவாகச் செல்லவேண்டியோராவர். நேபாளகஞ்சிலிருந்து சிமிக்கோட், அங்கிருந்து எல்லைக் கிராமமாகிய ஹில்சா, அதன் அப்பால் புராங் என்பது ஒரு வழி.

இங்கு எமது நிலத்தின் இயல்பு இடர் ஒன்றைத் தருகிறது. கடல்மட்டத்தை ஒட்டி வாழ்ந்த உடல், வலப்பாதை தொடங்கும் தார்ச்சென் என்னும் ஊரில் 4,600 மீற்றருக்கு மேல் நிற்கிறது. பாதையின் மிகவுயர்ந்த இடமாகிய டொல்மா கணவாய் ஏறத்தாழ 5,600 மீற்றர். அங்கு வளியமுக்கம் கடல்மட்டத்து அமுக்கத்தின் ஏறத்தாழ அரைப்பங்கே. காற்றில் ஒட்சிசனின் விகிதம் குறைவதில்லை. அமுக்கம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் ஒட்சிசனின் அளவே குறைகின்றது. உடல் முதலில் மூச்சை விரைவுபடுத்தியும், பின்னர் நாட்கணக்கில் செங்குருதிக் கலங்களைப் பெருக்கியும் ஈடுசெய்ய முயலும். அதற்குரிய கால அவகாசம் இல்லையேல் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். கடுமையானால் நுரையீரலிலோ மூளையிலோ நீர்கோத்து உயிருக்கே ஊறு நேரும். தாழ்ந்த இடத்துக்கு உடனே இறங்குவதே இதற்குத் தலையாய சிகிச்சை.

முற்காலத்து யாத்திரிகர் வாரக்கணக்கில் நடந்து ஏறியமையால் உடல் படிப்படியாகப் பழகிற்று. இன்றோ ஊர்தியும் உலங்குவானூர்தியும் சில நாட்களிலேயே மேட்டுநிலத்திற் கொண்டுசேர்க்கின்றன. வசதி பெருகியபோது ஆபத்தின் வடிவம் மாறியதேயன்றி ஆபத்து அகலவில்லை. மலையும் நிலையானதன்று: 1998 ஓகத்தில் மால்பா என்னுமிடத்தில் நிகழ்ந்த மண்சரிவு, கைலை யாத்திரிகர் ஏறத்தாழ 60 பேரையும், அவர்களோடு சுமைதூக்குவோரும் ஊர்மக்களும் உள்ளிட்ட வேறு பலரையும் பலிகொண்டது.

வலம்வரும் பாதை

கைலையின் உச்சியில் ஏறுவது யாத்திரையன்று. அதனைச் சுற்றி வருவதே யாத்திரை. ஏறத்தாழ 52 கிலோமீற்றர் நீளமான இவ்வட்டத்தைத் திபெத்தியர் பலர் விடியுமுன் புறப்பட்டு ஒரே நாளில் முடிப்பர். வெளிநாட்டார் பொதுவாக மூன்று நாள் எடுப்பர். நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து, கை தொட்ட இடத்தில் எழுந்து நின்று மீண்டும் வீழ்ந்து செல்வோருக்குப் பல வாரம் ஆகும். மார்பால் ஊர்ந்த நாவுக்கரசரின் பயணம் அங்கே இன்றும் நாளாந்த நிகழ்ச்சியாக உள்ளது. அதனைச் செய்வோர் பௌத்தர் என்பதே வேறுபாடு.

பௌத்தரும் இந்துக்களும் மலையை வலப்புறமாகச் சுற்றுவர். பொன் சமயத்தார் இடப்புறமாகச் சுற்றுவர். ஆகவே ஒரே பாதையில் இரு சாராரும் எதிரெதிரே சந்திக்கின்றனர். வழிவிட்டுச் செல்வதன்றி ஒருவரையொருவர் திருப்ப முனைவதில்லை.

வடமேற்கிலுள்ள தீராபுக் விகாரையைக் கடந்தபின் ஏறும் டொல்மா கணவாயின் பெயர் தாராதேவியைக் குறிப்பது. கணவாயைக் கடந்து இறங்குமிடத்துள்ள குளத்தை இந்துக்கள் கௌரி குண்டம் என்பர். சில நூறு அடிகளின் இடைவெளியில் தாரையும் கௌரியும் வணங்கப்படுகின்றனர். தாரை இலங்கைக்குப் புதியவளல்லள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழைக்கரையிற் கண்டெடுக்கப்பட்ட, எட்டாம் நூற்றாண்டளவிலான பொன்முலாமிட்ட தாரைப் படிமம் இன்று இலண்டன் பிரித்தானிய அரும்பொருளகத்தில் உள்ளது. திபெத்தியரின் நான்காம் மாத முழுநிலவில் மலையடிவாரத்தில் தார்போச்சே என்னும் நெடுங்கம்பம் புதிய கொடிகளுடன் நாட்டப்படும். புத்தரின் வாழ்வோடு இணைந்த அவ்விழா இலங்கையின் வெசாக்கினை ஒத்தது. குதிரை ஆண்டில் செய்யும் ஒரு வலம் பதின்மூன்று வலத்துக்கு ஈடென்பது அவர்களின் நம்பிக்கை. 2014, 2026 ஆகியன அத்தகைய ஆண்டுகள்.

தென்கடலும் பனிமலையும்

தமிழ்நிலம் வடக்கே பார்த்துக் கைலையைப் பாடிற்று என்றால், திபெத்து தெற்கே பார்த்துத் தன் திருமலையைக் கண்டது. லாசாவில் 1645இல் ஐந்தாம் தலாய் லாமா எழுப்பத் தொடங்கிய மாளிகைக்குப் ‘பொத்தலா’ என்பது பெயர். அவலோகிதேசுவரர் உறையும் பொத்தலகம் என்னும் மலையின் பெயரே அது. ஏழாம் நூற்றாண்டிற் காஞ்சிவரை வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இம்மலை தென்னாட்டின் மலய மலைக்கு அண்மையில் உள்ளதென்றும், அதன் வடகிழக்கேயுள்ள கடலோர ஊரிலிருந்து சிங்களத் தீவுக்குக் கலங்கள் செல்லும் என்றும் குறித்தார். யப்பானிய அறிஞர் சூ இக்கோசாக்கா இதனைப் பொதியில் மலையென அடையாளங் கண்டார். பதினொராம் நூற்றாண்டிற் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் எனக் கூறுவதும் இவ்வடையாளத்துக்கு அரண் செய்கிறது. எமது கைலை அவர்களின் நாட்டில்; அவர்களின் பொத்தலகம் எமது நாட்டின் அயலில்.

இவ்விரு திசைகளையும் காலால் இணைத்த ஒருவரும் வரலாற்றில் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில், பாக்குநீரிணையின் அக்கரையில், இராமேசுவரத்துக்கு அண்மையிற் பிறந்த புத்தகுப்தநாதர் முதலில் நாத யோகியாக இருந்தவர். பின்னர் சாந்திகுப்தர் என்னும் பௌத்த ஆசிரியரை அடைந்து பௌத்தரானார். இலங்கை உட்படப் பல தீவுகளையும் நாடுகளையும் கண்டபின் 1590ஆம் ஆண்டளவில் திபெத்தை அடைந்து, இளைஞராயிருந்த தாரநாதருக்கு ஆசிரியரானார். 1608இல் இந்தியப் பௌத்த வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற தாரநாதரே தம் ஆசிரியரின் வாழ்க்கையையும் எழுதிவைத்தார். அதனை 1931இல் இத்தாலிய அறிஞர் தூச்சி உலகறியச் செய்தார். நாத சித்தருக்கும் பௌத்த சித்தருக்கும் இடையே இருந்த எல்லை எவ்வளவு நெகிழ்ந்தது என்பதற்கு இவரின் வாழ்வே சான்று. மச்சமுனியும் கோரக்கரும் தமிழ்ப் பதினெண் சித்தர் நிரையிலும் திபெத்தின் எண்பத்து நான்கு சித்தர் நிரையிலும் இடம்பெறுவதும் இதனாலேயே.

அதே நூற்றாண்டில், 1560இல், போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைத் தாக்கியபோது புத்தரின் பல் எனக் கருதப்பட்ட சின்னத்தைக் கைப்பற்றிக் கோவாவிற்குக் கொண்டு சென்றனர் என்றும், பெகு மன்னன் பெரும்பொருள் கொடுத்து மீட்க முயன்றும் அது இடித்து அழிக்கப்பட்டது என்றும் போர்த்துக்கேய வரலாற்று நூல்கள் கூறும். சைவ அரசொன்றின் காவலிற் பௌத்தச் சின்னமொன்று இருந்ததாக நம்பப்பட்டது என்பதே இங்கு எமக்கு வேண்டிய செய்தி.

பீடிகையும் மலையும்

இப்போது குடாநாட்டுக்கு மீள்வோம். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் இறங்கியதாக மகாவமிசம் கூறும் சம்புகோளப் பட்டினம் மாதகலையடுத்த சம்பில்துறை எனக் கொள்ளப்படுகிறது. கந்தரோடையிலுள்ள சிறு தூபிகளின் தொகுதியைப் போல் பீரிசு 1917இல் வெளிக்கொணர்ந்தார்; 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கு அகழ்ந்தனர். பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கருஞ்செம்மட்கலங்களும் அங்கு கிடைத்துள்ளன. தமிழ் பேசுவோரிடையே பௌத்தம் வழங்கியமைக்கு மணிமேகலை ஒன்றே போதிய சான்று. ஆகவே, பௌத்த எச்சம் காணப்படும் இடமெல்லாம் சிங்கள மக்கள் வாழ்ந்த இடமென்பதும், பௌத்தம் தமிழருக்கு அந்நியமாதலின் அவ்வெச்சங்களைப் பேசாது விடுவதே நன்றென்பதும் ஒரே தவறான எடுகோளின் இரு முகங்களாம். சமயத்தை இனத்தோடு சமன்படுத்துவதே அவ்வெடுகோள்.

நயினாதீவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிறிய அத்தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர் பற்றி முதலாம் பராக்கிரமபாகு விதித்த ஆணையைத் தாங்கும் கல்வெட்டு அம்மன் கோயிலில் உள்ளது; பொலன்னறுவை மன்னன் அதனைப் பொறித்த மொழி தமிழ்.

மணிமேகலையின் மணிபல்லவத்தையும் மகாவமிசத்தின் நாகதீபத்தையும் அறிஞர் பலர் இத்தீவோடு பொருத்துவர். இரு நூல்களும் ஒரே கதையைக் கூறுகின்றன: நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் போர் தொடுத்தனர், புத்தர் தோன்றிப் போரைத் தவிர்த்தார். மணிமேகலையின்படி, அவர் பீடிகை தமக்கே உரியதென்று கூறி அதன்மீதமர்ந்து அறம் உரைத்தார். தமிழ்க் காப்பியமும் பாளி வரலாற்று நூலும் குடாநாட்டின் மிகப்பழைய புனிதத்தலத்தைப் பற்றி நினைவில் வைத்திருப்பது, அது யாருக்கு உரியது என்ற சண்டையையும் அச்சண்டையின் பயனின்மையையுமே. எவர்க்கு உரியதென்று தீர்ப்பதன்மூலம் அன்றி, எவரும் தனியுரிமை கொள்ளவியலாத ஆசனமாக்கியதன்மூலமே அப்பிணக்கு முடிந்தது.

2009இற் போர் முடிந்தபின் இவ்வினா மீண்டும் கூர்மையடைந்துள்ளது. தையிட்டியில் தனியார் காணியில் விகாரை கட்டப்பட்டமைக்கு எதிராக 2023இற் காணி உரிமையாளரும் மக்களும் போராடினர். இத்தகைய எதிர்ப்பைப் பௌத்தத்தின்மீதான பகையாகக் காட்டுவது பொருந்தாது. வணங்குதல் ஒருவரின் உரிமை. பிறரின் காணியை அரசபலத்தின் துணையோடு வழிபாட்டுக்கென எடுத்துக்கொள்ளுதல் வேறு. கைலை இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பொன் சமயத்தார் எதிர்த்திசையிற் சுற்றுவதாற் பௌத்தருக்கு இழப்பில்லை. சைவர் கௌரியை வணங்குவதால் தாரைக்கு இழுக்கில்லை. அங்கு இழப்பு நேர்ந்ததெல்லாம் அரசொன்று கணவாயை மூடியபோதும் விகாரையைத் தகர்த்தபோதுமே.

முடிவுரை

கைலைக்குச் செல்லும் யாழ்ப்பாணத்துச் சைவர், பௌத்தரின் நாட்டில், பௌத்தர் காத்துவந்த பாதையில், பௌத்தரின் விகாரைகளுக்கு அருகில் தங்கித் தம் இறைவனை வணங்கி மீள்கின்றார். எந்தையின் மலையில் நீர் ஏன் வாழ்கிறீர் என்று அவர் கேட்பதில்லை. எமது மலைக்கு நீர் ஏன் வந்தீர் என்று அவர்களும் கேட்பதில்லை. கந்தரோடைத் தூபிகளைத் தமிழரின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகக் கற்பதற்கும், அவற்றைக் காணத் தெற்கிலிருந்து வருவோரை யாத்திரிகராக வரவேற்பதற்கும், அதேவேளை யாத்திரையின் பெயரால் நிலங்கொள்வதை உறுதியாக மறுப்பதற்கும் இவ்வுணர்வே அடிப்படையாக அமையத்தக்கது. எமது பாடத்திட்டங்களும் ஆய்வுகளும் இத்திசையில் விரிதல் வேண்டும். கந்தரோடைக்கு வருவோர்க்கு அதன் வரலாற்றை முழுமையாகக் கூறும் நூலொன்று தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்குமாயின், அது அப்பணியின் நல்ல தொடக்கமாகும்.